கா-பார் கத்தி: தோப்பில் ஒரு வருஷம் பழகிப் பார்த்தது

முதலில் ஏமாந்த கதை. ஆன்லைனில் 'ஃபுல் டாங்க்' (அலகின் இரும்பு பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் ஓடுவது) என்று போட்டிருந்த ஒரு கத்தியை வாங்கி, காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பில் காய்ந்த மாங்கிளையைப் பிளக்க அதன் முதுகில் கட்டையால் நாலு தட்டு தட்டியதும் பிடி ரெண்டாகப் பிளந்துவிட்டது. உள்ளே பார்த்தால் சுண்டுவிரல் நீளத்துக்குத்தான் இரும்பு, மிச்சமெல்லாம் பிளாஸ்டிக்.

மச்சான் ராணுவத்தில் இருக்கிறான். லீவில் வந்தவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கா-பார் எடுக்கலாம் மாமா, ஆளுக்கு ஒன்னு" என்றான். விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

1942-ல் அமெரிக்க மரைன் படை எடுத்துக்கொண்ட அதே வடிவம்தான்: 7 அங்குல அலகு, தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய பிடி. வேடிக்கை என்னவென்றால் இதிலும் பிடிக்குள் போவது ஒல்லியான இரும்புதான், ஆனால் கடைசி வரை போய் அடியில் உள்ள இரும்பு மூடியில் ஊசி அடித்துப் பூட்டியிருக்கிறது. அதே மாங்கிளையைப் பிளந்தேன், அசையவில்லை. எஃகு 1095 என்ற கார்பன் வகை, கடினம் ராக்வெல் என்ற எஃகுக் கடின அளவையில் 56–58. கல்லில் ஒருமுறை பட்டது, வாய் மடங்கியது, தெறிக்கவில்லை, சாணைக்கல்லில் கொஞ்சம் இழுத்ததும் சரியாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் சொல்வதும் இதைத்தான்: "பதம் ரொம்ப ஏத்துனா தெறிக்கும், கொறச்சா மடங்கும், மடங்குறது மேல்."

ஆனால் துருப்பிடிக்கும். பெங்களூரா மாங்காய் ஒன்றை நறுக்கி அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்வந்தேன், கறுப்புப் பூச்சு இல்லாத வாய் ஓரம் முழுக்க ஊதாவும் கறுப்புமாகக் கறை. ஐப்பசி மழையில் தோல் உறையிலேயே விட்டதில் உறையில் வெள்ளைப் பூஞ்சை, வாயில் செம்புள்ளிகள். இப்போது துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியேதான் வைக்கிறேன். இதே கத்தி ரப்பர் மாதிரியான கிராட்டான் பிடியோடும் வருகிறது. மச்சான் அதை எடுத்தான், விவரமான ஆள்.

அப்புறம் ஒரு உண்மை: பிளக்க, நெம்பத்தான் கா-பார். குச்சி சீவ, கயிறு அறுக்க, கோழி உரிக்க எல்லாம் கைக்கு வருவது மோரா கம்பானியன் என்ற சின்ன ஸ்வீடன் கத்திதான். 4 அங்குலம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், ஸ்டெயின்லெஸ், விலையும் பல மடங்கு குறைவு. முகாமுக்கு மட்டும் என்றால் அதுவே போதும். கிளை கழிக்க இரண்டும் வேண்டாம், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கொடுவாளுக்கு முன்னால் நிற்காது.

பெரிசு வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்தியாக இல்லாத பட்சத்தில், ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும்.

என் மோரா இப்போது சமையலறையில் இருக்கிறது. மனைவியைக் கேட்டால் "காய் நறுக்க நல்லா இருக்கு" என்கிறாள். இன்னொன்று ஆர்டர் போட வேண்டும்.