குடிநீர் சேமிக்கப் பழைய நீல டிரம் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

அவசரத்துக்கென்று வீட்டில் குடிநீர் சேர்த்து வைக்கிற விஷயத்தில் ஏமாந்தால், ஏமாந்தது உடனே தெரியாது. டிரம்மை வாங்குகிறோம், நிரப்புகிறோம், மூடி மூலையில் வைத்துவிடுகிறோம். குழாயில் தண்ணீர் நின்றுபோன நாளில்தான் மூடியைத் திறக்கிறோம். அன்றைக்கு உள்ளிருந்து பெயின்ட் வாடை அடித்தால் விற்றவரைத் தேடிப் போக நேரமும் இருக்காது, வீட்டில் வேறு தண்ணீரும் இருக்காது. இந்தப் பொருள்களை விற்பதில் நடக்கும் பித்தலாட்டம் எல்லாமே இந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கிறது. அதனால் பார்க்க வேண்டியதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது 200 லிட்டர் நீல டிரம்மில்தான். அது ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பழைய டிரம்மாக இருக்கும். "ஃபுட் கிரேடு" என்று சொல்லி விற்பார்கள். கேட்டால் அடியைத் திருப்பி, முக்கோணத்துக்குள் இருக்கும் 2 என்ற எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது எச்டிபிஇ (HDPE) என்ற வகைப் பிளாஸ்டிக். பழைய பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு வகை பிரிப்பதற்காக 1988இல் கொண்டுவந்த எண் வரிசை அது. பால் கேனும் எச்டிபிஇதான், பூச்சிமருந்து கேனும் எச்டிபிஇதான். நீல நிறமும் எதற்கும் சான்று இல்லை. உணவுக்கு ஏற்றது என்பதற்குக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருக்க வேண்டும், அல்லது தயாரிப்பாளரே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் அந்தக் குறி புது டிரம்முக்குத்தான் பொருந்தும். ஒருமுறை கரைப்பான் (பெயின்ட் தின்னர் போன்றது) ஊற்றி வைத்துவிட்டால் அந்தக் குறிக்கு மதிப்பில்லை.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், டிரம்மில் அச்சாகியிருக்கும் யுஎன் (UN, ஐ.நா.) முத்திரையைக் காட்டி "உலகத் தரம்" என்பார்கள். இங்கே நன்றாகக் கவனியுங்கள். அது ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்வதற்கான வலிமைச் சோதனையில் தேறிய முத்திரை. குடிநீருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தால் நமக்குப் பயன் உண்டு. 1எச்1 (1H1) என்றிருந்தால் மேல்பகுதி கழற்ற முடியாத பிளாஸ்டிக் டிரம். 1எச்2 (1H2) என்றால் மேல்மூடி முழுவதும் கழலும் வகை. அதே வரிசையில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். தயாரித்த மாதத்தையும் குறித்திருப்பார்கள், பெரும்பாலும் கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில். "புத்தம் புதுசு" என்று சொல்லும் டிரம்மில் பல வருடம் முந்தைய தேதி இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முத்திரையைச் சுரண்டியிருந்தாலும், லேபிள் ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதேதான். முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லும் லேபிளை எதற்குக் கிழிக்க வேண்டும்?

அடுத்து, கண்ணெதிரே கழுவிக் காட்டுவது. சோப்புப் போட்டு அலசி, "மோந்து பாருங்க, வாடையே இல்லை" என்பார்கள். அந்த நேரத்தில் வாடை இருக்காதுதான். எண்ணெய், கரைப்பான், வாசனைப் பொருள் எல்லாம் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும். கழுவினால் போவது மேற்பரப்பில் இருப்பது மட்டும். ஊறியது வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். நாம் டிரம்மை மூடி வைக்கப்போவதும் மாதக்கணக்கில்தானே. அலசி முடித்ததும் மோந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

வாங்கும் முன் இப்படிச் சோதித்துப் பாருங்கள். காய்ந்த டிரம்மை எல்லா மூடியும் இறுக்கிப் போட்டு நாலைந்து மணி நேரம் வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு திறந்தவுடன் வாய்ப்பக்கம் கையை விசிறி மோந்து பாருங்கள். மூக்கை உள்ளே நுழைக்க வேண்டாம், சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் உள்ளே பிடித்து வைத்திருப்பதைக் கக்கிவிடும். வாடை வந்தால் வேண்டாம் என்று வந்துவிடலாம். வரவில்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, வாடையில்லாத நஞ்சும் உண்டு. முன்பு என்ன இருந்தது என்பது எழுத்தில் தெரியாத டிரம்மைக் குடிநீருக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஊறுகாய், வினிகர், பழச்சாறு வந்த டிரம் நஞ்சில்லை என்றாலும் வாடை போகாது. மூடியின் புரியிடுக்கில் ஒட்டியிருக்கும் மிச்சம் கிருமிக்குத் தீனியாகும். பால் கேனும் இதே காரணத்தால் ஆகாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய டிரம்மை எடுப்பவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. நிரப்பிய பிறகு நகர்த்தவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. தண்ணீர் எடுக்கக் கைப்பம்பு வேண்டும். அதையும் சேர்த்தே விற்பார்கள், அது பொருந்தாமல் போகலாம். மேல்மூடி கழலாத டிரம்மில் வழக்கமாக இரண்டு வாய் இருக்கும். பார்வைக்கு ஒரே அளவாகத் தெரிந்தாலும் ஒன்றில் புரி நெருக்கமாகவும் மற்றதில் அகலமாகவும் இருக்கும். பம்பு ஒரு வகைப் புரிக்குத்தான் உட்காரும். கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மூடியின் வாஷர் விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ புதிது கேளுங்கள்.

உண்மையில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர். புதிய 20 லிட்டர் கேன் பன்னிரண்டு இருந்தால் 240 லிட்டர் ஆகிவிடும். ஒன்று கெட்டாலும் பதினொன்று மிஞ்சும், ஒருவரால் தூக்கவும் முடியும். எங்கள் பரிந்துரை இதுதான். வெளிச்சம் புகும் கேனாக இருந்தால் துணி போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும்.

இனி மருந்து விற்பவர்கள். "இரண்டு சொட்டு விட்டால் ஐந்து வருடம் கெடாது" என்று சின்னச் சீசாவில் ஒரு திரவம் வரும். உள்ளே என்ன வேதிப்பொருள், எத்தனை சதவீதம் என்று சீசாவில் இருக்காது. குளோரின் வகை மருந்து எதுவானாலும் வீரியம் நாளாக நாளாகக் குறையும். மூடியைத் திறந்து ஒரு டம்ளரை உள்ளே விட்ட அடுத்த நிமிடம் ஐந்து வருடக் கணக்கு முடிந்தது.

தண்ணீரில் கிருமியைக் கொல்ல, துணி வெளுக்கும் வாசனையில்லாத சாதாரணத் திரவ பிளீச்சே போதும். உட்பொருளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். எலுமிச்சை வாசனை, துணிநிறம் காக்கும் வகை, கெட்டியாக ஒட்டும் வகை எதுவும் ஆகாது. தயாரித்த தேதியையும் பாருங்கள். வெயில் படும் அலமாரியில் ஒரு வருடம் இருந்த பிளீச்சுக்கு வாடை இருக்கும், வீரியம் இருக்காது. பழைய சரக்கைத் தள்ளிவிடுவது இந்தப் பொருளில் சுலபம்.

நீச்சல்குளத்து குளோரின் வில்லைகளைக் குடிநீருக்கு என்று தருபவர்களிடம் கண்டிப்பாக வாங்காதீர்கள். அவற்றில் பாசிக்கொல்லியும் குடிக்கத் தகாத வேறு சேர்மானங்களும் இருக்கலாம். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். குடிநீருக்கான மாத்திரையில் ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று தெளிவாக அச்சிட்டிருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும்.

இன்னொரு வித்தை வீட்டு வாசலுக்கே வரும். இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். மின்கம்பி போட்ட ஒரு கருவியை இரண்டிலும் விடுவார்கள். குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகி அழுக்குத் திரளும், மற்றது தெளிவாகவே நிற்கும். பார்த்தவர்கள் பயந்து போவார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது இல்லை, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புச் சத்துள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடுவதால் கம்பி கரைகிறது, ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாததால் கரைவதில்லை. அவர்களுடைய தெளிந்த டம்ளரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்பைத்தான் அளக்கும். கிருமியோ பூச்சிமருந்தோ அதில் தெரியாது.

சேமிப்புக்கு ஆர்ஓ தண்ணீர்தான் சிறந்தது என்பதும் தவறு. வடிகட்டும்போது குளோரினும் போய்விடுவதால், பிறகு உள்ளே புகும் கிருமியைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை. குளோரின் கலந்து வரும் குழாய்த் தண்ணீரை நேரடியாக நிரப்பினால் மருந்து சேர்க்கத் தேவையில்லை. கிணறு, ஆழ்துளை, ஆர்ஓ தண்ணீராக இருந்தால் லிட்டருக்கு 2 சொட்டு பிளீச், அதாவது 20 லிட்டர் கேனுக்கு 2 மில்லி. கலக்கி 30 நிமிடம் விட்டுத் திறந்தால் லேசான குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவை இன்னொரு முறை விட்டு 15 நிமிடம் பொறுங்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு மருந்தை இரட்டிப்பாக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்பது. குளோரின் சோதனைப் பட்டை இருந்தால் பார்த்துவிடலாம்.

நிரப்பும் முன் கேனை சோப்பால் கழுவி அலசுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி பிளீச் கலந்து உள்ளே ஊற்றி, மூடிப் புரி உட்பட எல்லாப் பக்கமும் படும்படி குலுக்குங்கள். 30 விநாடியாவது விட்டு, கொட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தோட்டத்துக் குழாயால் நிரப்ப வேண்டாம், அந்த வாடையும் தண்ணீரில் ஏறும். தேதி எழுதி ஒட்டி, நிழலில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இருக்கும் அறையில் கேனை வைக்கவே கூடாது. அவற்றின் ஆவி எச்டிபிஇ சுவரை ஊடுருவி உள்ளே போகும், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும்.

சந்தேகமான டிரம்மை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். வேதிப்பொருளுக்கு அது தீர்வில்லை, தண்ணீர் வற்றுவதால் சில நஞ்சுகளின் செறிவு கூடவும் செய்யும். வாடையில்லாத டிரம் என்றால் கழிவறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொண்டு "குடிக்கக் கூடாது" என்று நான்கு பக்கமும் பெரிதாக எழுதுங்கள். பூச்சிமருந்து வாடை வந்தால் செடிக்கும் கால்நடைக்கும்கூட ஊற்றாதீர்கள். திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு முறை கழுவிவிடாதீர்கள். அடியில் உள்ள முத்திரை, பசைத் தடம், மூடியின் உள்பக்கம், ரசீது எல்லாவற்றையும் முதலில் படம் எடுங்கள். "ஃபுட் கிரேடு" என்ற வார்த்தை ரசீதில் இல்லையென்றால், விற்றவரிடம் செய்தியாக எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு போங்கள்.