விசா வந்த பிறகும் வாங்கலாம்: இங்கிலாந்து உதைபந்தாட்ட மட்ச் ரிக்கெற் பற்றி ஒரு கொமினிக்கேஷன்காரரின் மதிப்பீடு

கரடிப்போக்கில் நான் நடத்தும் கொமினிக்கேஷனுக்குப் பரீட்சை முடிவு பார்க்க, பாஸ்போர்ட் படிவம் நிரப்ப, போனுக்கு ரீலோட் போட என்று எல்லாரும் வருவார்கள். சில வருசமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. "அண்ணை, லண்டனுக்கு அக்காட்டப் போறன். அப்பிடியே ஆர்சனல் மட்ச் ஒண்டு பாக்கோணும், ரிக்கெற் போட்டுத் தாங்கோ" என்பார்கள். கொழும்பு இரவு பஸ்ஸுக்கு சீற் பதிவதுபோல நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கி அலுத்துவிட்டது. சிலருக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், போன மாசியில் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனவே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

லண்டனில் இருப்பவருக்கு நல்லதாக இருக்கும் ரிக்கெற் முறை எங்களுக்கு நல்லதாக இராது. எங்கள் கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். விசா வருமா, எப்போது வரும் என்பது கடைசிவரை கேள்விதான். அதனால் ஒவ்வொரு கழகத்தின் ரிக்கெற் முறையையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். விசா வந்து சேர்ந்த பிறகு இந்த ரிக்கெற்றை வாங்க முடியுமா?

பெரிய கழகங்களில் பெரும்பாலும் முடியாது. ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் 60,000க்கு மேல் ஆசனங்கள். அதில் பெரும்பகுதி சீசன் ரிக்கெற்காரருக்குப் போய்விடும். மிச்சம் அங்கத்தவருக்கு, அதுவும் குலுக்கலில். லிவர்பூலும் மன்செஸ்டர் யுனைட்டட்டும் முறையில் கொஞ்சம் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான்: பணம் கட்டி அங்கத்தவர் ஆகுங்கள், பிறகு அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். அங்கத்துவம் 40 பவுணைச் சுற்றி வரும். பவுண் 400 ரூபாயைச் சுற்றி நிற்கும்போது கிட்டத்தட்ட 16,000 ரூபாய். அந்தக் காசு ரிக்கெற் கேட்கும் உரிமைக்கு மட்டும், ரிக்கெற்றுக்குத் தனியாகக் கட்டவேண்டும். குலுக்கலில் விழாவிட்டால் 16,000 போனதுதான். சில கழகங்கள் ஆடியிலேயே பாதி சீசனுக்கான பதிவை முடித்துவிடுகின்றன. ஆடியில் எங்களுக்கு மார்கழிப் பயணம் உறுதியாகியிருக்குமா? விசா விண்ணப்பமே போட்டிருக்க மாட்டோம்.

குலுக்கலில் விழாதவருக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. சீசன் ரிக்கெற்காரர் வரமுடியாத நாளில் தன் ஆசனத்தைக் கழகத்தின் சொந்தத் தளத்திலேயே திருப்பி விடுவார். மட்ச் கிட்ட வரவர ஒற்றை ஆசனங்கள் அப்படி வந்து விழும். தனியாகப் போகிறவர் பொறுமையாகத் திறந்து திறந்து பார்த்தால் கிடைக்க இடமுண்டு. மனைவி பிள்ளைகளோடு போகிறவர் இதை நம்பிப் போகக்கூடாது, நாலு ஆசனம் பக்கத்தில் பக்கத்தில் வராது. இதற்கும் அங்கத்துவம் வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

வாங்கும்போது நடப்பதைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் காலை 10 மணிக்கு விற்பனை என்றால் கிளிநொச்சியில் பின்னேரம் மூன்றரை. அவர்களுடைய கோடைகாலத்தில் இரண்டரை. முதலில் ஒன்லைன் கியூவில் நிற்கவிடும். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நகரும். முறை வந்ததும் ஆசனத்தை எடுத்துச் சில நிமிடத்துக்குள் காசு கட்டவேண்டும். இங்கேதான் எங்களுடைய வங்கிகள் விளையாடும். வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவை முன்கூட்டியே திறந்து வைக்காவிட்டால் கார்ட் மறுக்கப்படும். திறந்து வைத்திருந்தாலும் ஓடிபி வரவேண்டும். விசுவமடுவிலிருந்து வந்த ஒரு பொடியனுக்கு ஆசனம் கிடைத்தது, கார்ட்டும் சரி, ஓடிபி மட்டும் வரவில்லை. கடை வாசலுக்குப் போய் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிபி வந்து சேர்ந்தபோது ஆசனம் வேறொருவருக்குப் போயிருந்தது. எந்த வங்கி என்று சொல்லமாட்டேன், என் கணக்கும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, பெரிய கழகங்களில் பல இப்போது காகித ரிக்கெற் தருவதில்லை. போனில் உள்ள வொலட் என்ற செயலியில் ரிக்கெற் இருக்கும், வாசலில் உள்ள கருவியில் போனைத் தொட்டால் கதவு திறக்கும். அதற்குப் போனில் என்எஃப்சி என்ற தொடு வசதி இருக்கவேண்டும். எங்கள் பக்கம் விற்கும் மலிவு போன்களில் பலவற்றில் அது இல்லை. நானே விற்கிறேன், எனக்குத் தெரியும். பயணத்துக்கு முன் போனின் அமைப்புக்குள் போய் என்எஃப்சி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ரிக்கெற்றை வீட்டில் வைத்தே போனில் இறக்கிவிடுங்கள், பல்லாயிரம் பேர் நிற்கும் வாசலில் இன்டர்நெட்டை நம்ப ஏலாது.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று மீள்விற்பனைத் தளங்களுக்குப் போகிறவர்களுக்கு என் மதிப்பெண் பூச்சியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியில்லாமல் உதைபந்தாட்ட ரிக்கெற்றை மறுபடி விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இசை நிகழ்ச்சி ரிக்கெற்றுக்கு இந்தச் சட்டம் இல்லை, உதைபந்தாட்டத்துக்கு இருக்கிறது. வெளிநாட்டில் பதிந்த தளங்கள் அதைப் பொருட்படுத்தாமல் விற்றுக்கொண்டேதான் இருக்கின்றன. ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் மச்சான், நான் வருகிறேன் என்ற சந்தோசத்தில் அப்படியொரு தளத்தில் இரண்டு ரிக்கெற் எடுத்து வைத்திருந்தார். விலை உண்மை விலையின் மூன்று மடங்கு. மட்ச் அன்று காலைதான் அனுப்பினார்கள். வந்தது யாரோ ஒருவருடைய பெயரில் இருந்த அங்கத்தவர் பாஸ். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் ஓரமாக நிற்கச் சொன்னார், ஆனால் உள்ளே விடவில்லை. காசைத் திருப்பித் தருவதாகத் தளம் எழுதியது. எழுதியதோடு சரி.

விருந்து, மது, மெத்தை ஆசனம் எல்லாம் சேர்த்து விற்கும் ஹொஸ்பிற்றாலிற்றி பொதியைக் கழகத்திடமே நேரே வாங்கினால் அது நேர்மையான வழி, உறுதியான வழி. விலையைப் பார்த்துவிட்டு நான் பக்கத்தை மூடிவிட்டேன்.

திகதியும் ஒரு பிரச்சினை. ஆனியில் போட்டி அட்டவணை வந்ததும் விமான ரிக்கெற் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டவணை நிலையானதல்ல. தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமை மட்ச் ஞாயிறுக்குப் போகும், திங்கள் இரவுக்கும் போகும். வியாழன் ஐரோப்பியப் போட்டி விளையாடும் அணியின் மட்ச் பெரும்பாலும் சனியில் நடக்காது. ரிக்கெற் புதிய திகதிக்குச் செல்லும், உங்கள் விமானம் காத்திராது. ஒரு மட்சுக்காகப் போகிறவர் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் பயணத்தைப் போடவேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சனி பிற்பகல் 3 மணி மட்சுகளை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டமாட்டார்கள், ஆட்கள் மைதானத்துக்குப் போகவேண்டும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருக்கும் தடை. அதே மட்சை நாங்கள் இங்கே இரவு எட்டரைக்குப் புட்டும் சம்பலுமாக வீட்டில் இருந்தே பார்க்கலாம். லண்டன் மச்சானுக்கு ஸ்கோரை நான் அனுப்பிய நாட்களும் உண்டு.

சரி, விசா வந்த பிறகு வாங்கக்கூடியது எது என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கான பிரீமியர் லீக்குக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் வன், லீக் ரூ என்று மூன்று படிகள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலான மட்சுகளுக்கு அங்கத்துவம் தேவையில்லை, மட்ச் வாரத்திலும் ஆசனம் கிடைக்கும். லண்டனுக்குள்ளேயே, தமிழர் நிறைய இருக்கும் இடங்களுக்குப் பக்கத்திலேயே இப்படியான கழகங்கள் உண்டு. கிழக்குப் பக்கம் லேட்டன் ஓரியன்ட். இங்கிலாந்து ஆட்டக்காரர் ஹரி கேன் பதினேழு வயதில் தன் கழகத்திலிருந்து கடனாகப் போய் விளையாடிய கழகம் அது. தெற்கில் டூட்டிங், மிற்சம் (Mitcham) என்ற இடங்களின் பக்கம் இருப்பவர்களுக்கு ஏஎஃப்சி விம்பிள்டன். நான் போனது இதற்குத்தான். விசா வந்த பிறகுதான் ரிக்கெற் எடுத்தேன், கரடிப்போக்குக் கடையிலிருந்தே.

வாங்குவது எளிதாக இருந்தது. மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தேன், கிளிநொச்சி முகவரியை ஏற்றுக்கொண்டது. மைதான வரைபடத்தில் இடத்தைத் தொட்டேன், காசு கட்டினேன், ரிக்கெற் மின்னஞ்சலுக்கு வந்தது. கியூவும் இல்லை, குலுக்கலும் இல்லை. பெரிய கழகத்தின் நல்ல ஆசனம் ஒன்றின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

இந்தக் கழகத்தின் கதையை வன்னிக்காரருக்குச் சொல்லாமல் விடமுடியாது. பழைய விம்பிள்டன் கழகம் 1912இலிருந்து பிளவ் லேன் என்ற மைதானத்தில் விளையாடியது. 1988இல் இங்கிலாந்தின் பெரிய கிண்ணப் போட்டியான எஃப்ஏ கிண்ண இறுதியில் லிவர்பூலை 1–0 என்று வென்றது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் இறந்ததன் பின் மேல்மட்டக் கழகங்கள் எல்லா இடத்தையும் ஆசனமாக்கவேண்டும் என்று விதி வந்தது. பிளவ் லேனில் அது முடியாது என்று கழகம் 1991இல் இன்னொரு கழகத்தின் மைதானத்தில் ஒதுங்கியது. பிறகு 2002இல், தொண்ணூறு கிலோமீற்றர் வரை தள்ளி இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கழகத்தையே கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் போகவில்லை. அதே வருசம் தாங்களே ஒரு கழகம் தொடங்கி, ஒரு புல்வெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆட்டக்காரரைத் தெரிவுசெய்து, பிரீமியர் லீக்கை முதலாம் படியாக எண்ணினால் ஒன்பதாம் படியில் விளையாட ஆரம்பித்தார்கள். 2011இல் நாலாம் படிக்கு வந்துவிட்டார்கள். 2020 கார்த்திகையில் பழைய மைதானத்துக்கு மிக அருகே கட்டிய புதிய பிளவ் லேனுக்குத் திரும்பினார்கள். அப்போது கொரோனா, முதல் மட்சை வெறும் ஆசனங்கள்தான் பார்த்தன. கழகம் இன்றும் ரசிகர்களின் அமைப்பின் கையில்தான். இடம்பெயர்வு, மீள்குடியேற்றம் என்ற சொற்களை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முல்லைத்தீவு அண்ணை ஒருவர் சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு மட்சுக்கும் போகிறார். "எங்கட ஆக்கள்தான்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மைதானம் 9,000 பேர் அளவுதான் கொள்ளும். கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பகுதியில் இடம் எடுத்திருந்தேன். ஒடுங்கின சுழல்கதவில் ரிக்கெற்றைக் காட்டி உள்ளே போனேன். முதலாவது கோணர் உதையிலேயே ஆட்டக்காரர் ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது. கோல்காப்பாளர் தன் பின்வரிசையை ஏசிய ஏச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை, மிச்சப் பாதியை இங்கே எழுதமுடியாது. பியர் வாங்கலாம், ஆனால் மைதானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுவர முடியாது. 1985ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் இடைவேளை முடியும்போது சனம் உள்ளே நின்று அவசரமாகக் குடித்துவிட்டு ஓடிவருகிறது. மாசிக் குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறும். இரண்டு சோடி மேஸ் போடுங்கள். எதிரணியின் நிறத்தில் எதையும் போட்டுக்கொண்டு மைதானத்துக்குச் சொந்தமான அணியின் ரசிகர் பக்கம் போகாதீர்கள், வெளியேற்றிவிடுவார்கள். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

ஆட்டத்தின் தரம் பிரீமியர் லீக் இல்லை என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை. பந்து நிறைய நேரம் ஆகாயத்தில் நின்றது. டீவியில் பார்த்த பெயரொன்றை நேரே பார்க்கவேண்டும் என்றே போகிறவருக்கு இது போதாது. அவருக்கு நான் சொல்வது பெரிய கழகங்களின் கிண்ணப் போட்டி ஆரம்பச் சுற்றுகளைப் பார்க்கச் சொல்லித்தான். லீக் மட்சைவிட ரிக்கெற் மலிவு, கிடைக்கவும் இடமுண்டு. எமிரேட்ஸ் மைதானத்துக்குள் போகவேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அங்கே நடக்கும் ஆர்சனல் பெண்கள் அணியின் மட்சுக்குப் போங்கள். அதே மைதானம், விலை பல மடங்கு குறைவு. என்னிடம் கேட்டு வந்த பரந்தன் குடும்பமொன்று இரண்டு பெண் பிள்ளைகளோடு அப்படித்தான் போனது. சின்னவள் இப்போது பள்ளிக்கூட அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று தாய் சொன்னார்.

விம்பிள்டனுக்குப் பத்துக்கு எட்டரை கொடுப்பேன். ஒன்றரையைக் குறைத்தது மட்ச் முடிந்த பிறகு ஹேடன்ஸ் ரோட் ஸ்ரேஷனில் நின்ற கூட்டத்துக்காக. அவசரம் இல்லாவிட்டால் டூட்டிங் பக்கம் நடந்து போங்கள், வழியில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மில்டன் கீன்ஸ் அணியோடு மட்ச் விழுகிற சீசனில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் ரிக்கெற்றை முன்கூட்டியே பாருங்கள், பழைய கணக்கு இன்னும் தீராததால் அது வேகமாக முடிந்துவிடும்.