உதிரிப் பூவும் கட்டிய பூவும்: லண்டனில் பொக்கே வாங்குவது எங்கே?

இங்கிலாந்தில் அன்னையர் தினம் பெரும்பாலும் மார்ச்சில் வரும். அந்த வாரம் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே வாளி வாளியாகப் பூ. ஒரு பொக்கே 5 பவுண்டு, 8 பவுண்டு, கொஞ்சம் பகட்டாக வேண்டுமென்றால் 15. அதே தெருவில் இருக்கும் பூக்கடையில் கையால் கட்டிய பொக்கே கேட்டால் 40, 50 என்கிறார்கள். முழக்கணக்கில் மல்லிகை வாங்கி வளர்ந்தவர்களுக்கு இந்தக் காம்புக் கணக்கே புதிது. "எல்லாம் பூதானே, எதற்கு இவ்வளவு?" என்று நானும் பல வருடம் முணுமுணுத்திருக்கிறேன். இப்போது இரண்டு இடத்திலும் வாங்குகிறேன்.

பூவில் பலர் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளில் பறித்த ரோஜா விமானமேறி சூப்பர்மார்க்கெட்டுக்கும் வருகிறது, பூக்கடைக்கும் வருகிறது. பெரிய கடைகள் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. பூக்கடைக்காரர் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலச் சந்தை வழியாக வரும் சரக்கையோ, விடிவதற்குள் நைன் எல்ம்ஸில் உள்ள நியூ கோவென்ட் கார்டன் பூச்சந்தைக்குப் போயோ வாங்குகிறார். ஆகவே விலை குறைவு என்பதாலேயே பழைய பூ என்று சொல்லிவிட முடியாது.

கெடுவது கடைக்கு வந்த பிறகுதான். வாளித் தண்ணீரை மாற்ற சூப்பர்மார்க்கெட்டில் யாருக்கும் நேரமில்லை. பல கடைகளில் பக்கத்திலேயே வாழைப்பழமும் ஆப்பிளும் இருக்கும். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும். கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது, இதழ் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இது தெரியாமல் ஒருமுறை மாம்பழப் பெட்டிக்குப் பக்கத்தில் பூச்சாடியை வைத்துவிட்டு, இரண்டாம் நாள் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மலிவான பொக்கேயில் எப்போதும் சாமந்தி, கார்னேஷன், அல்ஸ்ட்ரோமீரியா. விலை ஒரு காரணம். இன்னொன்று, இவை தண்ணீர் மாற்றினால் இரண்டு வாரம்கூட நிற்கும். உறையில் 5 நாள், 7 நாள் உத்தரவாதம் அச்சிடுகிற கடைக்கு அதுதானே பாதுகாப்பு? ரோஜா வாங்கினால் இதழ்கள் காம்போடு சேரும் இடத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. மெத்தென்று இருந்தால் விட்டுவிடலாம். மணத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நெடுநாள் தாங்குவதற்காக வளர்த்த வகைகளில் மணம் போய்விட்டது, 50 பவுண்டு ரோஜாவிலும்தான். மணம் வேண்டுமென்றால் ஃபிரீசியா கேளுங்கள்.

சரி, அந்த மீதி 40 பவுண்டு எதற்கு? ஊரில் உதிரிப் பூவுக்கு ஒரு விலை, கட்டிய சரத்துக்கு ஒரு விலை. அதை நாம் கேள்வி கேட்பதில்லை. இதுவும் கைக்கூலிதான், கூடவே லண்டன் கடை வாடகை, விற்காமல் போன பூவின் நஷ்டம். பூ வந்ததும் கீழ் இலைகளைக் கிள்ளி, காம்பை வெட்டி, குளிர்ந்த நீரில் பல மணி நேரம் நிறுத்துகிறார்கள். பிறகு ஒவ்வொரு காம்பையும் ஒரே திசையில் சாய்த்து, திருகலாக அடுக்கிக் கட்டுகிறார்கள். நன்றாகக் கட்டிய பொக்கேயை மேசையில் வைத்தால் ஜாடி இல்லாமலே நிற்கும். பூக்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இடையில் யூகலிப்டஸ் தழை மூச்சு விட இடம் தரும். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்த கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை, காய்கறித் தோட்டத்துக் கேல் கீரையையும் வேலியோரச் செடிகளையும் ஜாடியில் வைத்துப் பெயர் வாங்கியவர். கீரைக்கா காசு கொடுத்தார்கள்? கைக்குத்தான்.

பூக்கடை விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கூடை அலங்காரங்களில் அடியில் வைக்கிற பச்சை நிற ஸ்பாஞ்ச் மக்காத பிளாஸ்டிக். இங்குள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. "அது இல்லாமல் செய்து தாருங்கள்" என்று கேட்டால் கம்பிவலை வைத்துச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு மேசைக்கு சூப்பர்மார்க்கெட்டே போதும். ஆனால் கலவைப் பொக்கேயை எடுக்காதீர்கள். ஒரே பூவில் இரண்டு கட்டு, தழை ஒரு கட்டு, 15 பவுண்டுக்குள் முடியும். வீட்டில் காம்பின் நுனியைச் சாய்வாக இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, கூட வரும் பொட்டலத்தைக் கரையுங்கள். அதில் சர்க்கரை, அமிலம், கிருமிகொல்லி மூன்றும் இருக்கின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். விருந்துக்குப் போகும்போதும் இதே பூதான் கொண்டுபோகிறேன். விலைச் சீட்டையும் பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிட்டுப் பழுப்புத் தாளில் சுற்றினால் யாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்பதில்லை. பூனை வளர்க்கிற வீடென்றால் லில்லி மட்டும் வேண்டாம். அதன் மகரந்தமும் ஜாடித் தண்ணீரும்கூடப் பூனைக்கு விஷம்.

கல்யாணமும் சாவும் வேறு. பக்கத்து வீட்டு ஐயா இறந்தபோது, செலவு எதற்கென்று ஆளுக்கொரு சூப்பர்மார்க்கெட் பொக்கே வாங்கிக்கொண்டு போனோம். சவ வண்டியின் கண்ணாடிக்குள் அவை பிளாஸ்டிக் உறையோடு சரிந்து கிடந்தன, ஒன்றில் தள்ளுபடி மஞ்சள் ஸ்டிக்கர்கூட அப்படியே. அவருடைய மகள் பூக்கடையில் சொல்லிச் செய்த வெள்ளைச் சாமந்தி வளையம் ஒன்றுதான் நிமிர்ந்து நின்றது. அதற்கப்புறம் அந்த மாதிரி நாட்களுக்கு நான் பூக்கடைக்குத்தான் போகிறேன். படத்தைக் காட்டி இதே போல் வேண்டும் என்று கேட்பதில்லை. என்னிடம் இவ்வளவு இருக்கிறது, இன்று எது நன்றாக வந்திருக்கிறதோ அதில் கட்டுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.