ஷான் ஆஃப் தி டெட்: ஒரே தெரு, இரண்டு காலை

லண்டனில் எலக்ட்ரானிக்ஸ் கடையொன்றில் வேலை பார்க்கும் ஷானுக்கு வயது 29. வேலை விட்டால் பப், பப் விட்டால் சோஃபா. வெறுத்துப்போன காதலி லிஸ் அவனை உதறிய மறுநாள் காலை, ஊர் முழுக்க ஜாம்பிகள். சைமன் பெக்குடன் சேர்ந்து எழுதி எட்கர் ரைட் இயக்கிய 2004ஆம் வருட பிரிட்டிஷ் படம், 99 நிமிடம். இனி முடிவு வரை பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

காமெடியையும் திகிலையும் கலக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கும்: பேயையே கோமாளியாக்கிவிடுவார்கள், அப்புறம் பயப்பட எதுவும் மிஞ்சாது. இங்கே ஜாம்பிகளின் விதிகளில் கை வைக்கவே இல்லை. ஜாம்பி படங்களின் முன்னோடி இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ வகுத்தபடியே மெதுவாக நடக்கும், கடித்தால் தொற்றும், மண்டையைச் சிதைத்தால்தான் சாகும். சிரிப்பெல்லாம் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து வருகிறது. காதல் படமென்றால் நாயகன் திருந்தியாக வேண்டும். ஜாம்பியோ திருந்தவே முடியாத ஜென்மம். ஷான் ஏற்கெனவே பாதி ஜாம்பி என்பதுதான் இரண்டு வகைகளும் ஒட்டும் இடம். படம் இதை வசனத்தில் சொல்லாமல், மூலைமுடுக்குகளில் ஒளித்து வைத்த விவரங்களால் சொல்கிறது.

டைட்டில் ஓடும்போதே கவனியுங்கள். உணர்ச்சியற்ற முகத்தோடு பொருட்களை ஸ்கேன் செய்யும் பெண், ஒரே மாதிரி இயந்திரமாக அசையும் மனிதர்கள். தொற்று இன்னும் பரவவில்லை. அந்த ஸ்கேன் செய்யும் பெண்தான் பிறகு ஷானின் வீட்டுத் தோட்டத்தில் வந்து நிற்கும் முதல் ஜாம்பி, பெயர் மேரி.

அடுத்தது கடைக்குப் போகும் நடை. ஒரு காலை ஷான் வீட்டிலிருந்து கிளம்பி மூலைக்கடைக்குப் போகிறான். வெட்டே தெரியாத ஒற்றை நீள ஷாட். இன்னொரு காலை அதே தெரு, அதே கடை, அதே கேமரா ஓட்டம். இந்த முறை ஃப்ரிட்ஜ் கதவில் ரத்தக் கைத்தடம், தரையில் ரத்தம் வழுக்கிவிடுகிறது. ஷான் எதையும் கவனிப்பதில்லை. காசு கேட்டு வருவதாக நினைத்து ஒரு ஜாம்பியிடம் சில்லறை இல்லையென்கிறான்! இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு கணக்குப்போட்டு எடுத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

எல்லாவற்றிலும் தலையானது, லிஸ் பிரிந்த இரவில் நண்பன் எட் பப்பில் போடும் குடித் திட்டம். காலையில் ஒரு பிளடி மேரி காக்டெயில், கிங்ஸ் ஹெட் பப்பில் ஒரு பைட், லிட்டில் பிரின்சஸ் பப்பில் ஒரு கப்பிள், தள்ளாடிக்கொண்டே திரும்பி வந்து பாரில் ஷாட்ஸ். மொத்தப் படத்தின் கதைச்சுருக்கமே அதுதான். கம்பியில் குத்துப்பட்ட மேரி, கடிபடும் மாற்றாந்தந்தை பிலிப், லிஸ்ஸின் வீட்டில் இருக்கும் ஜோடி, ஜாம்பிகள்போல் தள்ளாடி நடித்துக் கூட்டத்தைக் கடப்பது, கடைசியில் பாரில் துப்பாக்கிச் சூடு. பைட் என்றால் கொறிப்பதும் கடிப்பதும், கப்பிள் என்றால் இரண்டு கிளாஸும் ஜோடியும், ஷாட் என்றால் மதுவும் தோட்டாவும். மொழிபெயர்த்த சப்டைட்டிலிலும் டப்பிங்கிலும் இந்தச் சிலேடை செத்துப்போகும். ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். டிவியில் ஷான் சேனல் மாற்ற மாற்ற, துண்டு துண்டான குரல்கள் சேர்ந்து நடப்பதைச் சொல்லும் வாக்கியங்களாகும் இடத்துக்கும் இது உதவும்.

பெயர் மரியாதைகளும் உண்டு. ஷான் வேலை பார்க்கும் ஃபோரி எலக்ட்ரிக், ரொமேரோவின் 1978 ஜாம்பி படமான டான் ஆஃப் தி டெட் நடிகர் கென் ஃபோரியின் பெயர். ஃபுல்சீஸ் உணவகம், ஜாம்பி படங்கள் எடுத்த இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் பெயர். தெரிந்தால் புன்னகைக்கலாம், தெரியாவிட்டால் நஷ்டமில்லை. கார்னெட்டோ ஐஸ்கிரீமை வைத்து ஆய்வு நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: இதே கூட்டணியின் மூன்று படங்களில் மூன்று நிற கார்னெட்டோ என்ற கணக்கு இதற்குப் பிறகு சேர்ந்தது. இந்தப் படத்தில் அது வெறும் ஐஸ்கிரீம்.

குறை இல்லாமல் இல்லை. பப்புக்குள் அடைந்து ஜாம்பிகளை எதிர்க்கும் முற்றுகைப் பகுதியில் ஷானின் அம்மா சாகும் காட்சி நிஜமான துக்கம். குவீன் ராக் குழுவின் பாட்டுத் தாளத்துக்கு, ஜாம்பியாகிவிட்ட பப் முதலாளியை பில்லியர்ட்ஸ் கோல்களால் அடித்துச் சிரிக்க வைத்து அதிக நேரம் ஆகியிருக்காது. இந்தத் திருப்பத்தைச் சிலரால் தாங்க முடியாது. பெரிய குறை லிஸ் பாத்திரம். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவளுக்கென்று ஒரு நல்ல ஜோக்கூட எழுதவில்லை. காதல் படப் பாதி கொஞ்சம் நோஞ்சானாகத் தெரிவது இதனால்தான்.

ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சி! ஆறு மாதம் கழித்து லிஸ் ஷானோடு குடித்தனம் வந்துவிட்டாள். அவனோ தோட்டத்துக் கொட்டகைக்குப் போகிறான். சங்கிலியில் கட்டப்பட்ட ஜாம்பியாக எட், கையில் வீடியோ கேம் கன்ட்ரோலர். எட் கடிக்கப் பார்க்கிறான், ஷான் பெயர் சொல்லி அதட்டுகிறான், ஆட்டம் தொடர்கிறது.