பழைய சிஸ்கோ 2811-க்கு மாற்று: 2911-ஆ, 4331-ஆ?

கையில் இருப்பது ஒரு 2811 ரூட்டர். அதில் சாதா டெலிபோன் லைன்களைச் செருக நாலு போர்ட் எஃப்எக்ஸ்ஓ கார்டு (விஐசி2), பிஆர்ஐ (PRI, ஒரே இணைப்பில் பல அழைப்பு தரும் டிஜிட்டல் டெலிபோன் லைன்) லைனுக்கு விடபிள்யூஐசி2 ஈ1 கார்டு, மதர்போர்டில் குரலைக் கையாளும் சிப் மாட்யூல் ஒன்று: பிவிடிஎம்2-32 (32 என்பது அது தாங்கும் அழைப்பு எண்ணிக்கை). பெட்டியை மாற்ற வேண்டும், கார்டுகள் வீணாகவும் கூடாது. செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைப்பவை 2911-ம் 4331-ம்.

2911-இல் இந்த இரண்டு கார்டும் அப்படியே உட்காரும். ஸ்லாட்டும் நாலு இருக்கிறது. ‘சரி, முடிந்தது’ என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் டிஎஸ்பியில்தான், அதாவது பிவிடிஎம் மாட்யூலில் இருக்கும் அந்தக் குரல் சிப்பில். இந்தக் கார்டுகளுக்குச் சொந்த டிஎஸ்பி கிடையாது, மதர்போர்டிலிருந்து கடன் வாங்குபவை. 2911-க்கு உரியது பிவிடிஎம்3. பழைய பிவிடிஎம்2-ஐ அடாப்டர் இருந்தால்தான் மாட்ட முடியும். பக்கத்திலேயே ஒரு பிவிடிஎம்3-64 போட்டால் 32-ம் 64-ம் சேர்ந்து 96 ஆகாது. இரண்டும் ஒரே மதர்போர்டில் இருந்தால் பிவிடிஎம்2 முடக்கப்பட்டுவிடும்.

அந்த 32-ஐ மட்டும் வைத்து ஓட்டலாமா? ஈ1-இல் 30 பேச்சு சேனல், எஃப்எக்ஸ்ஓ 4, ஆக 34. குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 கோடெக்குக்கே இரண்டு குறைகிறது. சுருக்கி அனுப்பும் ஜி.729ஏ என்றால் அந்த மாட்யூல் தாங்குவது 16 அழைப்புதான். அடாப்டருக்குக் காசு போடாமல் பிவிடிஎம்3-64 வாங்கிவிடுவதே மேல்.

4331-இல் பழைய கார்டு எதுவும் நுழையாது, எல்லாம் என்ஐஎம் என்ற புது வகைக் கார்டு. எஃப்எக்ஸ்ஓ என்ஐஎம்மில் டிஎஸ்பி கூடவே வருகிறது, நிம்மதி. ஈ1 என்ஐஎம் அப்படியில்லை: அந்தக் கார்டின் மேலேயே ஒரு பிவிடிஎம்4 வேண்டும். மதர்போர்டில் இருக்கும் பிவிடிஎம்4 டிரான்ஸ்கோடிங் (ஒரு கோடெக்கை இன்னொன்றாக மாற்றுவது), கான்ஃபரன்ஸுக்குத்தான், பிஆர்ஐக்கு உதவாது. விலை மலிவாக இருக்கிறதே என்று வெறும் ஈ1 கார்டை வாங்கினால் அதில் டேட்டா மட்டும்தான் ஓடும். என்ஐஎம் ஸ்லாட்டும் இரண்டே இரண்டு. எஃப்எக்ஸ்ஓ, ஈ1 போட்டதும் நிரம்பிவிடும்.

ஆனாலும் பிஆர்ஐ இன்னும் சில வருஷம் ஓடும் என்றால் என் ஓட்டு 4331-க்கே. 2911-க்கான சப்போர்ட் 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வாய்ஸ் என்ஐஎம்களை நாளைக்கு சிஸ்கோவின் அடுத்த தலைமுறை ரூட்டரான கேட்டலிஸ்ட் 8300-க்கும் கொண்டுபோகலாம். நாலைந்து சாதா லைன் மட்டும் என்றால் 2911 தாராளம்.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் ‘ஷோ இன்வென்டரி’, ‘ஷோ லைசென்ஸ்’ அவுட்புட்டைக் கேளுங்கள். யூசி (வாய்ஸ் வசதிக்கான) லைசென்ஸ் இல்லையென்றால் வாய்ஸ் ஓடாது. அப்புறம், ஈ1 கார்டு போட்டும் ரூட்டரில் அந்த ஈ1 போர்ட் (கன்ட்ரோலர்) தெரியவில்லை என்றால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்; ‘கார்டு டைப் ஈ1’ கமாண்ட் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.