ஏற்காட்டுக் கலப்பில்லாக் காப்பிப்பொடி: தூக்கம் கெட்ட மூன்று வாரங்களில் கண்டது

எங்கள் மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு இரவில் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வாய்ப்பதில்லை. அதுவும் சேர்ந்தாற்போல் இல்லாமல் இரண்டும் ஒன்றரையும் அரையுமாகத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மற்ற நாட்களில் எப்படியோ சமாளித்துவிடலாம். ஜிஎஸ்டி தாக்கலுக்குரிய 20ஆம் தேதி நெருங்கும்போது தூங்கி வழிந்தால் பிழைப்பு கெட்டுவிடும். சென்ற மாதம் 18ஆம் தேதி பிற்பகலில் ஒரு கொள்முதல் பில்லை டேலி கணக்கு மென்பொருளில் பதிந்துகொண்டிருந்தபோது கண் சொருகி, பூஜ்யத்தின் விசை மேல் விரல் அப்படியே தங்கிவிட்டது. திடுக்கிட்டுப் பார்த்தால் தொகைக் கட்டம் முழுக்கப் பூஜ்யங்கள் வரிசை கட்டி நின்றன. அன்று மாலைதான், முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் வாங்கி வந்து பிரிக்காமலே வைத்திருந்த காப்பிப்பொடியின் நினைவு வந்தது.

கொட்டையைப் பின்கட்டிலேயே வறுத்து, முன்னால் அரைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் வாங்கியது. சிக்கரி துளியும் சேராத அராபிகா வகைக் காப்பி. கால் கிலோ 260 ரூபாய். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் சில்வர் ஓக் மரங்களின் நிழலிலும் அவற்றில் படரும் மிளகுக் கொடிகளின் நடுவிலும் விளையும் காப்பி பெரும்பாலும் அராபிகாதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இவ்வளவு பக்கத்தில் விளைவதை விட்டுவிட்டு நாங்கள் பல வருடங்களாகக் குடித்துவந்தது 60 பங்கு காப்பியும் 40 பங்கு சிக்கரியும் கலந்த பாக்கெட் பொடி. ஆகவே இந்த மதிப்புரை முழுவதும் அதனோடு ஒப்பிட்டுச் சொல்வதாகவே இருக்கும்.

முதலில் நிறத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேயே ஏமாந்துவிடுவார்கள். டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டுப் போல இறங்கிப் பழகியவர்களுக்கு இது செம்மண் நீரைப் போலத் தெரியும். பால் கலந்தால் வெளிறிவிடும். ஃபிளாஸ்கிலிருந்து டம்ளரில் ஊற்றியதைப் பார்த்த எங்கள் அலுவலகத்து மூத்த குமாஸ்தா, "என்ன தம்பி இது, கழனித்தண்ணியாட்டம் இருக்குது?" என்றார். "குடிச்சுட்டுச் சொல்லுங்கண்ணே" என்று நீட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அன்று மதியம் அவர் கொட்டாவி விடவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

நாம் 'ஸ்ட்ராங்' என்று சொல்லும் கருமையும் கசப்பும் பெருமளவுக்குச் சிக்கரி தருபவை. சிக்கரியில் விழிப்பைத் தரும் காஃபீன் கிடையாது. கலப்புப் பொடியில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மீதி 49 வரைக்கும் சிக்கரியாக இருக்கலாம். அராபிகாக் கொட்டையின் எடையில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம். நான் ஒரு டம்ளருக்குப் போடும் 12 கிராம் கலப்பில்லாப் பொடியில் அந்தக் கணக்குப்படி 140 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அதே 12 கிராம் 60:40 பொடியில் காப்பியின் பங்கு ஏழு கிராம் சொச்சம்தான், காஃபீன் 90க்கும் கீழே போய்விடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கலப்புப் பொடியில் இருப்பது ரொபஸ்டா என்னும் இன்னொரு காப்பி வகையானால் அதன் காஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது கணக்கு தலைகீழாகிவிடும். பாக்கெட்டின் மேல் காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறார்களே ஒழிய, நான் வாங்கிவந்ததில் எந்தக் காப்பி என்று எழுதியிருக்கவில்லை. கலப்பில்லாப் பொடியின் பெரிய வசதியாக எனக்குப் பட்டது இந்தத் தெளிவுதான்: எவ்வளவு உள்ளே போகிறது என்பது கைக்கணக்கில் நிற்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அது 200 என்பதால் என் மனைவி காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள். சோதனை எலி நான் ஒருவன்தான்.

வேலை நேரத்தில் இது என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை அழைக்கிறது. காஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை, வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். காஃபீன் எழுந்து போனதும் அத்தனையும் ஒன்றாக உள்ளே வரும். முதல் வாரம் காலை ஆறு மணிக்கே ஒரு டம்ளர், ஒன்பதுக்கு ஒரு டம்ளர் என்று முன்கூட்டியே குடித்துத் தீர்த்ததில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிக்கு, இயல்பாகவே எல்லோருக்கும் கண் அசரும் அந்த வேளையில், முன்னைவிட மோசமாகத் தள்ளாடினேன். இரண்டாம் வாரத்திலிருந்து பொடியை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றினேன். காலை பத்தரைக்கு ஒன்று. ஒன்றே முக்காலுக்கு ஒன்று, அதைக் குடித்த கையோடு மேசையில் தலை சாய்த்துப் பதினைந்து நிமிடம் கண் மூடுவது. காஃபீன் வேலையைத் தொடங்க அரை மணி நேரம் போலப் பிடிப்பதால் இந்தக் குட்டித் தூக்கத்தை அது கெடுப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுபவர்களை வைத்து இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் செய்த ஆய்வில், காப்பியும் குறுந்தூக்கமும் சேர்ந்தது, தனித்தனியாக இரண்டும் தந்ததைவிட நன்றாக உதவியது. முதலாளி முதல் நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய பதிவுகளை மட்டும் தானே ஒருமுறை சரிபார்த்தார். பிழை இல்லை.

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். முதல் வாரத்திலேயே, 19ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு, இன்னும் ஆறு பேருடைய கணக்கு பாக்கி இருக்கிறதே என்று மூன்றாவது டம்ளர் குடித்தேன். உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னால் எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடுங்கிக்கொண்டதாக 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. என் டம்ளர் அவ்வளவு கனமில்லைதான். ஆனால் அன்றைக்குப் பார்த்து, பல் முளைக்கும் வீட்டில் அதிசயமாகக் குழந்தை பதினொன்றிலிருந்து நாலரை வரை அசையாமல் தூங்கினாள். நான் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள், 20ஆம் தேதி, கடைசித் தாக்கலை முடிக்க இரவு பத்தாகிவிட்டது. காலை நாலரையிலிருந்து விழித்திருந்தவன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவருடைய கையும் கவனமும் இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடைய நிலைக்குப் போய்விடுவதாக 1997இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 0.03. எந்தப் பொடியும் இதைச் சரிசெய்யாது. எண்களைக் கூட்டும் அளவுக்கு விழிப்பு இருந்தது, ஐந்து ரோடு நெரிசலில் குறுக்கே வரும் வண்டிக்குச் சட்டென்று பிரேக் பிடிக்கும் அளவுக்கு இல்லை. ஸ்கூட்டரை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டு ஆட்டோவில் அழகாபுரத்திலுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இனிக் குறைகள். அரைப்பு மிக நைசு. பித்தளை ஃபில்டரின் துளைகள் அடைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் இறங்க வேண்டிய டிகாக்‌ஷன் முக்கால் மணி நேரம் சொட்டியது. பொடியை அழுத்தாமல் தளர்வாகப் போட்டு, கொதித்த நீரை இரண்டு தவணையாக ஊற்றிய பிறகு ஓரளவு சரியானது. காஃபீன் பெரும்பாலும் முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடுவதால், இரண்டாவதை விழிப்புக்காகப் போடுவது வீண், கசப்புதான் மிஞ்சும். பாக்கெட்டின் வாய் ஒருமுறை திறந்தபின் மூடவே இல்லை. பத்தாம் நாளில் மணம் பாதி போய்விட்டது. வறுத்த தேதி எங்கும் இல்லை. மணம் இருந்தவரைக்கும், சொல்லத்தான் வேண்டும், மூடியைத் திறந்தாலே வெல்லப்பாகும் ஆரஞ்சுத் தோலும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தும் குடிக்க முடிந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மறுபடி ஏற்காடு போனபோது அதே கடையில் அரைப்பைக் கொஞ்சம் கொரகொரப்பாக வைக்கச் சொல்லி, அதிகம் வாங்காமல் நூறு கிராம் மட்டும் வாங்கினேன். வறுத்த தேதியைக் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நேத்து வறுத்ததுங்க" என்று பேனாவால் பாக்கெட்டின் மேல் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி இறுக மூடி வைத்திருக்கிறேன்.