ரியர் சீல் போய்விட்டது என்று சொன்னால் உடனே கியர் பொக்ஸைக் கழற்ற விடாதீர்கள்

முகத்துவாரம் துறைமுகத்தில் படகு கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் படகு எஞ்சினில் ஒயில் ஒழுகியது. ஒரு மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டோம். அவர் உள்ளே இறங்கி, பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொடுத்த டீ ஆறுவதற்குள் மேலே வந்தார். “ரியர் சீல் போயிட்டுது அண்ணே, கியர் பொக்ஸ் கழற்றணும்.”

அந்தச் சீல் எஞ்சினின் கிராங்க் சாஃப்ட்டின் பின்முனையில், ஒயில் வெளியே வராமல் அடைத்துக்கொண்டு இருக்கிறது. அதை மாற்ற கப்லிங், கியர் பொக்ஸ், பிளைவீல் எல்லாம் கழற்ற வேண்டும். சீலின் விலை கொஞ்சம்தான், கூலிதான் பெரிது. பில் லட்சத்தைத் தாண்டியது.

வேலை முடிந்தது என்று சொல்லி, துறைமுகத்தில் சும்மா ஓடவிட்டபோது ஒரு சொட்டு இல்லை. கடலுக்குப் போய் லோட் கொடுத்ததும் முன்னைவிட மோசம். போன் செய்தால், “புதுச் சீல் அண்ணே, செட் ஆகணும், இன்னும் ஓட்டுங்க” என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் வயதான பாஸ். அதிகம் பேசாதவர். அவர் முதலில் பார்த்தது பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் கூடு) போல்ட்டுகளைத்தான். போல்ட் தலையிலும் அதைச் சுற்றியும் பழைய பெயின்ட் ஒரே படலமாக இருந்தது, அதன்மேல் உப்புப் படிந்திருந்தது. ஸ்பேனர் போட்டுத் திருகியிருந்தால் அந்தப் பெயின்ட் வெடித்திருக்கும். ஆக, கியர் பொக்ஸைக் கழற்றவே இல்லை! இணைப்பின் வெளியே சிலிக்கோன் பூசியிருந்ததுதான் நடந்த வேலை.

பிறகு அவர் செய்ததைத்தான் முதல் ஆளும் செய்திருக்க வேண்டும். எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை பேபி பவுடர் தூவினார். படகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கியரில் போட்டு ஓட்டச் சொன்னார். பெல் ஹவுசிங் இணைப்பில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான டெப்பெட் கவரின் பின்மூலையிலிருந்து மட்டும் ஒரு பழுப்புக் கோடு இறங்கியது.

படகில் எஞ்சினைப் பெரும்பாலும் சாஃப்ட்டின் சரிவுக்கு ஏற்பப் பின்பக்கம் தாழ்த்தித்தான் பூட்டுகிறார்கள். அதனால் டெப்பெட் கவர், ஒயில் பில்டர், பிரஷர் சுவிச் என்று எங்கே கசிந்தாலும் ஒயில் பின்னால் வழிந்து பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். அதைப் பார்த்து ரியர் சீல் என்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரை நனைந்திருக்கிறதென்று தரையைக் கொத்துவது மாதிரி.

எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் பைப்பைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சேறு. எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் பலவீனமான இடம் பார்த்து ஒயிலைத் தள்ளும். லோட் ஏறும்போது அந்த அழுத்தமும் கூடும், சும்மா ஓடும்போது அவ்வளவு தெரியாது. முதல் ஆள் தப்பித்ததும் இதனால்தான். டெப்பெட் கவருக்குப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒரு பெக்கிங், பைப் சுத்தம் செய்த கூலி, அவ்வளவுதான் செலவு. இப்போது எஞ்சினுக்கு அடியில் விரித்த வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருக்கிறது.

அந்தத் தாளில் சிவப்பாகச் சொட்டினால் கியர் பொக்ஸைப் பாருங்கள். பல கியர் பொக்ஸுகளுக்குச் சிவப்பு ஏடிஎஃப் ஒயில்தான் ஊற்றுகிறார்கள். அடியில் தேங்கிய ஒயில் தண்ணீரைத் துறைமுகத்துக்குள் பம்ப் பண்ணவும் வேண்டாம், 2008ஆம் ஆண்டின் கடல் மாசு தடுப்புச் சட்டம் இருக்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த பில்லில் “எஞ்சின் வேலை” என்ற இரண்டு சொல்லும் தொகையும்தான். சீலின் பார்ட் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சீலைக் கையில் வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.